கொரியாவில் இரண்டு வாரம்

கொரியா என்றவுடன் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நினைவில் வருவன பாட்டும் தொடர் நாடகமும். பெரியோருக்கு நினைவில் வருவோர், அந்நாட்டுத் தொழிற்சாலைகளில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் நம் தீவின் இளைஞர். 2004ஆம் ஆண்டிலே இரு அரசுகளும் செய்துகொண்ட தொழில் ஒப்பந்தத்தின் பின்னர், இங்கிருந்து அங்கு சென்று வந்தோர் பல்லாயிரவர். இவ்விரு வழிகளாலும் கொரியாவின் பெயர் நமக்கு நன்கு பழகிவிட்டது. அந்நாட்டின் சரித்திரமோ மண்ணோ அத்துணை பழகவில்லை.

ஆதலின், கொரியாவைப் பார்த்துவர விரும்பும் ஒரு குடும்பம் எங்கே தொடங்கி எவ்வழியாகச் சென்று எங்கே முடித்தல் நலம் என்பதை இங்கு எடுத்துரைப்போம். தென்கொரியா பரப்பில் இலங்கையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மக்கள்தொகை ஐந்து கோடிக்கு மேல். நாட்டின் பெரும்பகுதி மலை. புகையிரத வசதி மிகச் சிறந்தது. இவ்வசதியை நம்பியே பலர் ஆறு நாட்களில் ஏழு நகரம் என்று திட்டம் வகுத்து, நிலையங்களையும் விடுதிகளையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். நாட்கள் பதினான்கு, இடங்கள் ஐந்து என்பதே நாம் கூறும் கணக்கு. சியோல், ஹேயின்சா ஆலயம், கியோங்ஜு, பூசான், ஜெஜு என்பன அவ்வைந்துமாம்.

இவ்வைந்தையும் ஒரே நூலிற் கோத்த மணிகள் எனலாம். கொரியாவில் நாம் காணும் அரண்மனை, கோட்டை, ஆலயம் என்பவற்றுட் பெரும்பாலானவை ஒருமுறையேனும் எரிந்தோ இடிந்தோ போனவை. பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டவை. இதனை அறியாதவர், "இது பழையதன்று, நேற்றுக் கட்டியது போலிருக்கின்றதே!" என்று ஏமாற்றமுறுவர். அறிந்தவரோ, கட்டடத்தைப் பார்க்கும்போதே அதனை மீண்டும் கட்டத் துணிந்த மக்களையும் பார்ப்பர். எரிந்ததை மீட்டெடுத்தல் எத்தகைய காரியம் என்பதை நம்மவர்க்கு எவரும் விளக்கிக் கூறவேண்டியதில்லை.

எப்பொழுது செல்வது?

கொரியாவில் நான்கு பருவங்களும் தெளிவாகப் பிரிந்திருக்கும். மார்ச் மாத இறுதியிலும் ஏப்பிரல் தொடக்கத்திலும் செரி மரங்கள் பூக்கும். ஜூன் இறுதியிலிருந்து ஜூலை இறுதிவரை பெருமழைக் காலம். அதன்பின் புழுக்கமும் புயலும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை சியோல் நகரிற் கடுங்குளிர். நம் நாட்டுக் குடும்பங்களுக்கு ஏற்ற காலம் ஒக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் தொடக்கம் வரையாகும். அப்பொழுது வானம் தெளிந்திருக்கும். மலைகள் செம்மையும் மஞ்சளுமாக நிறம் மாறும். அந்நிறமாற்றம் வடக்கிலே தொடங்கித் தெற்கு நோக்கி இறங்கி வருவது. நமது பிரயாணமும் வடக்கிலிருந்து தெற்காதலின், இலைகளோடு நாமும் கூடவே இறங்கலாம்.

சந்திரமானக் கணக்கின் எட்டாம் மாதப் பூரணையில் வரும் சூசொக் என்னும் அறுவடைத் திருநாளை மட்டும் தவிர்த்துக்கொள்க. அந்நாட்களிலே நாடு முழுவதும் தத்தம் ஊருக்குப் புறப்படும். புகையிரதத்தில் இடம் கிடைத்தல் அரிது. கடைகள் பலவும் மூடியிருக்கும். புதுவருடத் திருநாளான சொல்லாலும் அத்தகையதே.

புறப்படுமுன் செய்யத்தக்கவை

இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் முன்னதாகவே விசா பெறல் வேண்டும். புகையிரத ஆசனங்களையும் ஆலய விடுதியையும் முன்பதிவு செய்தல் நன்று. சியோலின் முதன்மை அரண்மனையாகிய கியொங்பொக் செவ்வாய்க்கிழமைகளிலும், சாங்தொக் அரண்மனை திங்கட்கிழமைகளிலும் மூடப்படும் என்பதை நாட்குறிப்பிற் குறித்துக்கொள்க.

இவையெல்லாவற்றினும் மேலான ஆயத்தம் ஒன்றுண்டு. அது கொரிய எழுத்தைக் கற்றுக்கொள்ளல். பதினைந்தாம் நூற்றாண்டில் ஆண்ட செஜொங் என்னும் மன்னர், சீன எழுத்தைக் கற்க வாய்ப்பில்லாத எளிய மக்களின் பொருட்டு 1443ஆம் ஆண்டிலே புதிய எழுத்து முறையொன்றை ஆக்கி, 1446இல் நாட்டுக்கு அறிவித்தார். அன்று 28 எழுத்து. இன்று வழங்குவன 24. நாவும் உதடும் தொண்டையும் ஒலி பிறக்கும்போது கொள்ளும் வடிவத்தைப் பார்த்தே மெய்யெழுத்துகளின் உருவம் அமைக்கப்பட்டது. தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்த மாணவர், நம் இலக்கண ஆசிரியர் சூத்திரத்தாற் கூறிய அதே செய்தியைக் கொரிய மன்னர் கோடுகளால் வரைந்து காட்டினார் என்று மகிழலாம். மெய்யும் உயிரும் சேர்ந்து ஓர் அசையாகும் முறை தமிழ்ப் பிள்ளைக்கு எளிதில் விளங்கும். நாம் உயிர், மெய் என்பவற்றை அவர்கள் தாயொலி, சேயொலி என்று பொருள்படும் பெயர்களால் அழைக்கின்றனர். இரண்டு மாலைப் பொழுது போதும். புகையிரத நிலையப் பெயர்ப்பலகையைப் பிள்ளை தானே எழுத்துக்கூட்டிப் படிக்கும்.

அப்பாவை அவர்களும் 'அப்பா' என்றே அழைப்பர். அம்மாவை 'ஒம்மா' என்பர். இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு வியந்த ஹோமர் ஹல்பேட் என்னும் அமெரிக்கர், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905ஆம் ஆண்டளவில் ஓர் இலக்கண நூலே எழுதினார். மொழிநூலார் இன்று அவ்வுறவை ஏற்பதில்லை. ஆயினும், கொரியாவின் சுதந்திரத்துக்காகப் பரிந்து பேசிய அப்பெரியாரின் கல்லறை சியோலிலே ஹான் நதிக்கரையில் உள்ளது. தமிழர் ஒருமுறை சென்று வணங்கத்தக்க இடம்.

உணவு பற்றியும் ஒரு வார்த்தை. அரிசிச் சோறு எங்கும் உண்டு, மிளகாய்க்கும் குறைவில்லை. மரக்கறி உணவினர் மட்டும் விழிப்பாக இருத்தல் வேண்டும். கோவாவிலே மிளகாயும் உள்ளியும் சேர்த்துப் புளிக்கவைக்கும் கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன்சாறோ பெரும்பாலும் கலந்திருக்கும். மரக்கறிக் குழம்பு என்று வைப்பதும் பலவேளை நெத்தலி அவித்த நீராக இருக்கும். "இறைச்சி உண்பதில்லை" என்றால் மீன் உண்பீர்கள் என்று பொருள் கொள்வர். ஆதலின், இறைச்சி, மீன், முட்டை, மீன்சாறு ஆகிய நான்கும் வேண்டாம் என்பதைக் கொரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளல் தக்கது. சோற்றின்மேற் பலவகைக் கீரையும் காயும் பரப்பிக் கலந்துண்ணும் பிபிம்பாப் என்னும் உணவை, முட்டையும் இறைச்சியும் நீக்கித் தரச் சொல்லிப் பெறலாம்.

சியோல்: ஐந்து நாட்கள்

முதல் நாள் வந்து இறங்கி இளைப்பாறுதற்கே சரி. இரண்டாம் நாட் காலையிலே கியொங்பொக் அரண்மனைக்குச் செல்க. 1392இல் எழுந்த சொசொன் அரச மரபினர் 1395இற் கட்டிய இவ்வரண்மனை, 1592ஆம் ஆண்டின் யப்பானியப் படையெடுப்பின்போது எரிந்தது. இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகப் பாழடைந்து கிடந்து, 1867இல் மீண்டும் எழுந்தது. 1910இல் நாட்டைக் கைப்பற்றிய யப்பானியர், மண்டபங்கள் பலவற்றைப் பெயர்த்தெடுத்து, சிங்காசன மண்டபத்தை மறைத்துத் தமது ஆட்சி மாளிகையை 1926இற் கட்டி முடித்தனர். நாடு விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளாகிய 1995 ஓகஸ்ட் 15இல் அம்மாளிகையை இடிக்கத் தொடங்கினர். முன்வாயிலாகிய குவாங்ஹ்வாமுன், இடம் பெயர்க்கப்பட்டு, போரில் எரிந்து, 1968இற் கொங்கிறீற்றினால் எழுப்பப்பட்டு, இறுதியில் 2010இலே தன் பழைய இடத்தில் மரத்தினால் மீண்டும் அமைந்தது. ஒரு வாயிலுக்கு இத்தனை பிறவி! இதனைச் சொல்லிப் பிள்ளைகளை அவ்வாயிலினூடே நடத்திச் செல்லுங்கள். ஹன்பொக் என்னும் கொரிய உடையை வாடகைக்கு எடுத்து அணிந்து செல்வோர்க்கு அரண்மனையில் நுழைவுக் கட்டணம் இல்லை.

மூன்றாம் நாள் சாங்தொக் அரண்மனைக்குரியது. 1405இல் அமைத்த இதன் பின்புறத் தோட்டம், மலைச்சரிவை வெட்டித் திருத்தாது சரிவுக்கேற்பவே குளமும் மண்டபமும் வைத்த சிறப்பினது. அருகிலுள்ள ஜொங்மியொ, சொசொன் மன்னரின் ஆவிக்குரிய பலகைகளை வைத்து வழிபடும் இடமாகும். 101 மீற்றர் நீண்ட அதன் பெரிய மண்டபத்திலே சிற்பமோ சித்திரமோ இல்லை. தூண்களும் நிழலும் அமைதியுமே உள. நம் கோயிற் கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவ்வெறுமை முதலில் வியப்பாக இருக்கும். சற்று நின்றால் அதன் கம்பீரம் விளங்கும்.

அன்று மாலை சுங்ன்யெமுன் என்னும் தெற்கு வாயிலைப் பார்க்கலாம். 1398இல் அமைந்த அவ்வாயில், சியோல் நான்கு முறை கைமாறிய கொரியப் போரிலும் தப்பிப் பிழைத்தது. 2008 பெப்ரவரியில் ஒருவன் வைத்த தீயில் மேல்மாடம் எரிந்து வீழ்ந்தது. பழைய கருவிகளாலும் பழைய முறையாலுமே கட்ட வேண்டும் என்று முனைந்து, 2013 மே மாதத்தில் மீண்டும் திறந்தனர். சில மாதங்களுக்குள் அதன் வர்ணம் உரியத் தொடங்கவே நாடெங்கும் கண்டனம் எழுந்தது. மீட்டெடுத்தல் கல்லும் மரமும் கொண்டு மட்டும் முடிவதன்று. வர்ணம் கூட்டும் கையறிவு ஒருமுறை அறுந்துபோனால் அதனை மீட்டல் மிகக் கடினம் என்பதை அவ்வாயில் இன்றும் கற்பிக்கின்றது.

நான்காம் நாள் சியோலிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள சுவொன் நகருக்குச் செல்க. ஜொங்ஜொ மன்னரின் தந்தையாகிய இளவரசர் சாதோவை, அவரின் தந்தையான அரசரே 1762இல் அரிசிப் பெட்டியொன்றில் அடைத்துச் சாகவிட்டார். பின் அரியணை ஏறிய மகன், தந்தையின் சமாதியைச் சுவொன் அருகே மாற்றி, 1794 முதல் 1796 வரை அங்கே ஹ்வாசொங் என்னும் கோட்டையை எழுப்பினார். சுற்றளவு ஐந்தேமுக்கால் கிலோமீற்றர் அளவினது. மூன்று மணி நேரத்தில் மதில்மேலே சுற்றி வரலாம். பாரம் தூக்குவதற்கு ஜொங் யக்யொங் என்னும் அறிஞர் கப்பி பூட்டிய பொறியொன்றை ஆக்கினார். வேலை முடிந்ததும், எவ்வெவ் வேலையாள் எத்தனை நாள் வேலை செய்தான், என்ன கூலி பெற்றான், எத்தனை கல் சென்றது என்பனவெல்லாம் படங்களுடன் 1801இல் நூலாக அச்சாயின. இருபதாம் நூற்றாண்டுப் போரிற் கோட்டை சிதைந்தபோது அந்நூல் கைகொடுத்தது. அதனைப் பார்த்தே 1970களில் மீண்டும் கட்டினர்; 1997இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றது. கணக்கெழுதி வைத்தவன் கோட்டை கட்டியவனுக்கு எவ்வகையிலும் குறைந்தவனல்லன் என்பது மாணவர்க்குச் சுவொன் தரும் பாடம்.

ஐந்தாம் நாளை வடக்கே எல்லைப் பக்கம் செலவிடுக. 1950 ஜூன் 25இல் மூண்ட போர் 1953 ஜூலை 27இல் நின்றது. போர்நிறுத்தமே கைச்சாத்தானதன்றிச் சமாதான உடன்படிக்கை இல்லை. 4 கிலோமீற்றர் அகலத்தில் நாட்டை இரண்டாகப் பிரிக்கும் அவ்வெறும் நிலத்தில், மனிதர் காலடி படாமையால் காடு அடர்ந்துவிட்டது. குளிர்காலத்தில் அப்பகுதிகளிலே செங்கொண்டைக் கொக்குகள் வந்து தங்குகின்றன. இம்ஜின்கக் என்னும் இடத்தில், குண்டு துளைத்த பழைய புகையிரத இயந்திரம் ஒன்று நிற்கின்றது. அருகே ஒரு பலிபீடம். வடக்கிலே பிறந்து திரும்ப முடியாது போனோர், திருநாட்களில் அங்கு வந்து, தம் ஊர் இருக்கும் திசையை நோக்கி முன்னோருக்குப் படைக்கின்றனர். இச்சுற்றுலாவுக்குக் கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுசெல்லல் வேண்டும்.

ஹேயின்சா: ஓரிரவு

ஆறாம் நாட் காலை அதிவேகப் புகையிரதத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துள் தேகு நகரை அடையலாம். அங்கிருந்து பஸ் வண்டியில் ஒன்றரை மணி நேரத்திற் கயா மலையிலுள்ள ஹேயின்சா ஆலயம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியர் கொரியாவின் மேற் படையெடுத்தனர். பௌத்த திரிபிடகத்தை முழுமையாகச் செதுக்கி வைத்திருந்த அச்சுப் பலகைகளை 1232இல் அவர்கள் எரித்தனர். அரசவை ஒரு தீவுக்கு ஓடி ஒளிந்திருந்த அந்நிலையிலும், 1236இல் மீண்டும் முதலிலிருந்து செதுக்கத் தொடங்கி 1251இல் முடித்தனர். பலகைகள் எண்பதினாயிரத்துக்கு மேல். எழுத்துகள் ஐந்து கோடிக்கு மேல். அவையே இன்று ஹேயின்சாவில் உள்ளன. அவற்றைக் காக்கும் நான்கு மண்டபங்களிலே பொறி எதுவும் இல்லை. முன்சுவரிலும் பின்சுவரிலும் மேலும் கீழுமாக வெவ்வேறு அளவிற் சாளரங்கள் வைத்து, நிலத்தின் கீழ்க் கரியும் உப்பும் சுண்ணாம்பும் இட்டு, காற்றையும் ஈரத்தையும் பதினைந்தாம் நூற்றாண்டுத் தச்சர் அடக்கி ஆண்டனர். பார்வையாளர் வெளியே நின்று, மரச் சட்டங்களினூடே உள்ளே அடுக்கடுக்காய் நிற்கும் பலகைகளைக் காணலாம்.

1951இல் மலையில் மறைந்திருந்த கெரில்லாக்களை அழிக்கும்பொருட்டு இவ்வாலயத்தின் மேற் குண்டு வீசுமாறு விமானப் படைக்குக் கட்டளை வந்தது. படைப்பிரிவின் தலைவராகிய கிம் யொங்ஹ்வான் குண்டு வீச மறுத்தார். மேலதிகாரிகளுக்கு அவர் பதில் சொல்ல நேர்ந்தது. ஏழு நூற்றாண்டுப் பலகைகள் தப்பின. பலகைகளைப் பார்க்கும்போது செதுக்கியவரோடு அவரையும் நினைத்தல் முறை.

2002ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின்போது வந்தோர் தங்குவதற்கென ஆலயங்கள் தம் விடுதிகளைத் திறந்துவிட்டன. அவ்வழக்கம் இன்றும் நடைபெறுகின்றது. விடியுமுன் முரசும் மர மீனும் மணியும் ஒலிக்க எழுந்து வழிபாட்டில் நிற்றல், பின் ஒரு பருக்கையும் மீதம் வையாது உண்ணல் என்பன பிள்ளைகளுக்குப் புதிய அனுபவமாகும். ஆலய உணவில் ஊனும் இல்லை. உள்ளி, வெங்காயம் போன்றவையும் இல்லை. மரக்கறிக் குடும்பத்தினர் சீட்டை நீட்டாது வயிறார உண்ணக்கூடிய இடம் இதுவே.

கியோங்ஜு: இரண்டரை நாள்

ஏழாம் நாள் தேகு வழியாகக் கியோங்ஜு செல்க. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு, கி.பி. 935 வரை, சில்லா அரசின் தலைநகராய் விளங்கிய ஊர். நகரின் நடுவே புல் போர்த்த குன்றுகள் போலத் தோன்றுவன யாவும் அரசர் சமாதிகள். 1973இல் அகழ்ந்த சொன்மாசொங் என்னும் சமாதியினுள்ளே சென்று பார்க்கலாம். ஏழாம் நூற்றாண்டில் அரசி சொந்தொக் காலத்தில் எழுந்த ஒன்பது மீற்றர் உயரமான கல் வானநோக்குக் கூடம் அருகே நிற்கின்றது. 2016இல் நிலநடுக்கம் நகரை உலுக்கியபோதும் அது சிறிது சாய்ந்ததேயன்றி வீழவில்லை.

எட்டாம் நாள் புல்குக்சா ஆலயத்துக்கும் சொக்குராம் குகைக்கும் உரியது. கிம் தேசொங் என்னும் அமைச்சர், இப்பிறவிப் பெற்றோருக்காகப் புல்குக்சாவையும் முற்பிறவிப் பெற்றோருக்காகச் சொக்குராமையும் எட்டாம் நூற்றாண்டிற் கட்டுவித்தார் என்பது வரலாறு. புல்குக்சாவின் மர மண்டபங்கள் 1593இல் எரிந்தன. இன்று நாம் காணும் வடிவம் பெரும்பாலும் 1969 முதல் 1973 வரை நடந்த திருப்பணியால் வந்தது. கற்படிகளும் இரு கற்கோபுரங்களும் பழையன. அவற்றுள் ஒன்றினுள் 1966இற் கண்டெடுத்த மந்திரச் சுருள், உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய அச்சுப் பிரதிகளுள் ஒன்று.

சொக்குராமிலே கிழக்குக் கடலை நோக்கிக் கருங்கற் புத்தர் அமர்ந்திருக்கிறார். முகத்திலுள்ள அமைதியைச் சொல்லால் உரைத்தல் அரிது. ஆனால் நமக்கும் அவருக்கும் இடையே கண்ணாடித் தடுப்பு ஒன்றுண்டு. யப்பானியர் ஆட்சியிற் சிமெந்து பூசிச் செய்த திருத்தத்தால் குகையின் இயற்கையான காற்றோட்டம் கெட்டு, கல்லில் ஈரம் ஊறத் தொடங்கியது. அதன்பின் பொறி வைத்தே ஈரத்தை நீக்க வேண்டியதாயிற்று. ஹேயின்சாவின் தச்சரை நேற்றுக் கண்டு வந்த பிள்ளை, அறியாது திருத்துதலும் ஒருவகை அழிவே என்பதை இன்று இங்கே தானாக உணரும். இக்காரணம் பற்றியே இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தோம்.

ஒன்பதாம் நாட் காலையில் நூதனசாலைக்குச் சென்று, 771இல் வார்த்த பெருமணியைக் காண்க. சில்லாவிற் பிறந்த ஹ்யெசொ என்னும் துறவி, எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கடல் கடந்து இந்தியா சென்று, தென்னாடு வரை நடந்து பிரயாண நூல் எழுதினார் என்பதையும் இவ்விடத்தில் நினைக்கலாம். காணாமற்போன அந்நூலின் ஒரு பகுதி 1908இற் சீனத்துத் துன்ஹுவாங் குகையிற் கிடைத்தது. நாம் கொரியாவுக்கு வழி கேட்குமுன்பே கொரியர் நம் பக்கத்துக்கு வழி கண்டிருந்தனர்.

பூசான்: இரண்டு நாட்கள்

அன்று மாலையே பூசான் சேரலாம். போர்க் காலத்தில் நாட்டின் தற்காலிகத் தலைநகராயிருந்தது இத்துறைமுகம். வடக்கிலிருந்து ஓடிவந்த அகதிகள் மலைச்சரிவெங்கும் பலகையும் தகரமும் கொண்டு குடிசை கட்டினர். அவ்வாறு நிறைந்த ஊர்களுள் ஒன்றாகிய கம்சொன், 2009 முதல் வர்ணமும் சித்திரமும் பெற்று இன்று பெயர்பெற்ற இடமாகிவிட்டது. அங்கே இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். அவர்கள் வாசலில் நின்று உரத்துப் பேசுதலும் படம் பிடித்தலும் தகாது. பொசுதொங் என்னும் ஒழுங்கையிலே பழைய புத்தகக் கடைகள் வரிசையாய் உள்ளன. போரின்போது அகதிகள் பழைய சஞ்சிகைகளைப் பரப்பி விற்கத் தொடங்கியதே அதன் ஆரம்பம். கூடாரங்களில் வகுப்பு நடந்த அந்நாட்களில் அகதி மாணவர் புத்தகம் வாங்கியது அங்கேதான். 1951இல் அமைந்த ஐக்கிய நாடுகள் மயானத்தில், பிற நாட்டிலிருந்து வந்து மடிந்த 2,300 பேர் வரையில் துயில்கின்றனர்.

கடலையும் மறவற்க. ஜகால்சி மீன் சந்தையிற் பெண்களே வணிகர். ஹேஉந்தே கடற்கரையில் மாலைக் காற்று இனிது.

பதினோராம் நாள், விமான நிலையத்தின் அயலிலுள்ள கிம்ஹே நகரைப் பார்த்துவிட்டு ஜெஜு விமானத்தில் ஏறலாம். 'ஆயுதா' என்னும் தேசத்து இளவரசி கி.பி. 48இற் கப்பலேறி வந்து, அங்கு ஆண்ட சூரோ மன்னரை மணந்தாள் என்று, பதின்மூன்றாம் நூற்றாண்டில் இர்யொன் என்னும் துறவி தொகுத்த நூல் கூறுகின்றது. அவளது சமாதியருகே, அவள் கொண்டுவந்ததாகச் சொல்லும் சிறிய கற்கோபுரமும் உண்டு. ஆயுதா என்பது அயோத்தி என்பார் பலர். பாண்டி நாடு என்பார் நம்மவருட் சிலர். எதற்கும் உறுதியான சான்று இல்லை. கதையைக் கதையாகவே கேட்டு, தொலைவிலிருந்து வந்த பெண்ணைத் தம் குலத்தாயாக இன்றும் போற்றும் மக்களின் பெருந்தன்மையை மெச்சுவோம்.

ஜெஜு: எரிமலைத் தீவு

இறுதி இரண்டு நாட்களும் இயற்கைக்குரியன. எரிமலை கக்கிய கருங்கல்லால் ஆன தீவு ஜெஜு. 2007இல் உலக இயற்கை மரபுரிமையாயிற்று. நடுவே நிற்கும் ஹல்லா மலை 1,947 மீற்றர். தென்கொரியாவில் அதுவே உயரமானது. அதன் உச்சிக்கு ஏற முழுப் பகல் வேண்டும். முதியோரும் சிறுவரும் உள்ள குடும்பத்தினர், கடலோரத்திலே கிண்ணம் போல எழுந்துள்ள 182 மீற்றர் உயரச் சொங்சன் குன்றில் ஏறிச் சூரிய உதயம் காணலாம்.

ஹேன்யொ எனப்படும் கடற்பெண்டிர் அத்தீவின் பெருமை. மூச்சுக் கருவி எதுவுமின்றி ஆழத்திற் சென்று சிப்பியும் சங்கும் எடுத்து, மேலே வந்ததும் சீழ்க்கை போல ஒலியெழ மூச்சு விடுவர். 2016இல் யுனெஸ்கோ இவர்களின் மரபைப் பட்டியலிற் சேர்த்தது. பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். நாம் காணும் தலைமுறையே இறுதியானதாகவும் இருக்கலாம்.

பதின்மூன்றாம் நாட் பிற்பகலை 'நான்கு-மூன்று' அமைதிப் பூங்காவுக்கு ஒதுக்குக. 1948 ஏப்பிரல் 3இல் எழுந்த கிளர்ச்சியையும் அதனை அடக்கிய பல ஆண்டுக் கொடுமையையும் அப்பெயர் குறிக்கின்றது. இறந்தோர் 25,000 முதல் 30,000 வரை என்பது மதிப்பீடு. மலையோரக் கிராமங்கள் எரிந்தன. பல பத்தாண்டுகளாக அதுபற்றிப் பேசுதலே குற்றமாயிருந்தது. 2000ஆம் ஆண்டிலே உண்மையை ஆராயச் சட்டம் வந்தது. 2003இல் நாட்டின் சனாதிபதி ரோ மூஹ்யுன் அரசின் பெயரால் மன்னிப்புக் கோரினார். அங்குள்ள மண்டபத்தில் எழுத்தேதும் பொறிக்காத வெண்கல் ஒன்று நிலத்திற் கிடத்தப்பட்டுள்ளது. நடந்ததற்குரிய சரியான பெயர் நிலைபெறும் நாளில் எழுத்துப் பொறித்து அதனை நிமிர்த்துவர் என்கின்றனர். வாயிலையும் கோட்டையையும் ஆலயத்தையும் மீண்டும் கட்டிய மக்கள், அக்கல்லை மட்டும் அவசரப்பட்டு நிமிர்த்தாது வைத்திருத்தல் சிந்திக்கத்தக்கது. சிறு பிள்ளைகளுக்கு விளக்கமாய்க் கூறவேண்டியதில்லை. வளர்ந்த மாணவரோ கட்டாயம் காண வேண்டும்.

பதினான்காம் நாள் விமானத்திற் சியோல் திரும்பி, அங்கிருந்து வீடு நோக்கலாம்.

பிரயாணத்தில் நினைவிற்கொள்ள வேண்டிய மரியாதைகள் சிலவுண்டு. வீட்டினுள்ளும் ஆலயத்தினுள்ளும் பாதரட்சையைக் கழற்றுதல், பெரியோர் உண்ணத் தொடங்கியபின் உண்ணல் என்பன நமக்குப் புதியனவல்ல. எதையும் இரு கையாற் கொடுத்து இரு கையால் வாங்குக. உண்கோல்களைச் சோற்றிற் செங்குத்தாக நாட்டி வைத்தல் ஆகாது. அது இறந்தோருக்குப் படைக்கும் முறையை ஒத்தது. வயதைக் கேட்டால் வருந்தற்க. உரிய மரியாதைச் சொல்லைத் தெரிந்தெடுக்கவே கேட்கின்றனர்.

பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு குறிப்புப் புத்தகம் கொண்டு செல்லட்டும். பார்த்த ஒவ்வோர் இடத்துக்கும் கட்டிய ஆண்டு, அழிந்த ஆண்டு, மீண்டும் எழுந்த ஆண்டு என மூன்று நிரல் வரைந்து நிரப்பட்டும். வீடு திரும்பியபின் அதே புத்தகத்தின் மறுபக்கத்தில், தம் ஊரிலுள்ள கோயில், பாடசாலை, நூலகம் என்பவற்றுக்கும் அம்மூன்று நிரலை வரையலாம். அவற்றை நிரப்புவதற்கு ஊர்ப் பெரியோரிடம் கேட்க வேண்டி வரும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல் நன்று.